மணலில் மூழ்கும் மீன்



ஸ்காட்லாந்தின் கிழக்கே, ஃபோர்த் கழிமுகம் வடகடலோடு கலக்கும் இடத்தில் மே தீவு என்றொரு சிறு தீவு உண்டு. கோடையில் அங்கே பஃபின் என்னும் கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடி, மண்ணில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கின்றன. கடலிலிருந்து திரும்பும் ஒவ்வொரு பறவையின் வண்ண அலகிலும் வெள்ளிக் கம்பிகளை அடுக்கினாற்போல மெல்லிய மீன்கள் குறுக்கே தொங்கும். அம்மீன்களைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

ஆங்கிலத்தில் இதனைச் ‘சாண்ட் ஈல்’ என்பர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘மணல் விலாங்கு’ என்றாகும். ஆனால் அது பொருந்தாது. உடல் நீண்டு மெலிந்திருப்பதைத் தவிர விலாங்கினத்தோடு இதற்கு உறவில்லை. அறிவியலார் கிரேக்க மொழியிலிருந்து அமைத்த ‘அம்மோடைட்டஸ்’ என்னும் பெயருக்கு ‘மணலில் மூழ்குவது’ என்பது பொருள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது. ஆகவே ‘மணல்மூழ்கி’ என்றே அழைப்போம்.

பெரும்பாலும் ஒரு சாண் நீளத்துக்கு மேற்படாத இம்மீனுக்குக் காற்றுப்பை கிடையாது. நீந்துவதை நிறுத்தினால் அடியில் அமிழ்ந்துவிடும். ஆதலின் அது மணலையே வீடாகக் கொண்டது. எல்லா மணலும் உதவாது. பருமணலாக இருத்தல் வேண்டும். பருமணலின் இடுக்குகளில் நீர் ஓடும். அந்நீரிலுள்ள பிராணவாயுவால் புதைந்த மீன் உயிர் வாழும். சேறு கலந்தால் மூச்சு முட்டிவிடுமன்றோ? வசந்தத்திலும் முன்கோடையிலும் பகலில் கூட்டமாக மேலெழுந்து மேயும். இரவில் மணலுக்குத் திரும்பும். கோடை முடிந்தபின் ஏறக்குறைய மணலிலேயே அடங்கிக் கிடந்து, சேர்த்த கொழுப்பைச் செலவிட்டுக் காலங்கழிக்கும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் மட்டும் வெளிவந்து முட்டையிடும். முட்டைகள் மணற்பரல்களில் ஒட்டிக்கொள்ளும்.

குஞ்சுப் பருவத்தில் நீரோட்டம் அதனை எங்கேனும் கொண்டு சேர்க்கலாம். ஒரு திட்டில் குடியேறிய பின்னரோ அது நெடுந்தொலைவு செல்வதில்லை. ஒரு திட்டு வலையால் வெறுமையானால், அண்டைத் திட்டின் வளர்ந்த மீன்கள் வந்து நிரப்பும் என்று எதிர்பார்க்க இயலாது. வழக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது.

டென்மார்க்கு நாட்டவர் இம்மீனை ‘டோபிஸ்’ என்பர். எஸ்பியர், ஸ்காகன் போன்ற துறைமுகங்களில் இது மீன்தூளாகவும் எண்ணெயாகவும் மாறி, வளர்ப்பு மீன்களுக்கும் கால்நடைகளுக்கும் தீனியாயிற்று. 1990-களின் பிற்பகுதியில் வடகடலில் ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் டன் அளவுக்குப் பிடிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1980-களில், ஷெட்லாந்துத் தீவுகளில் ஆலாப் பறவைகளின் குஞ்சுகள் பட்டினியால் மாண்டன. வலையின்மீது மட்டுமே பழி சுமத்துவது நீதியன்று. குஞ்சு மீன்களின் வரவு இயற்கையிலேயே குன்றியதும் ஒரு காரணம் என்று ஆய்வாளர் கண்டனர். ஆயினும் 2000-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையை அடுத்த பகுதி இம்மீன்பிடிப்புக்கு மூடப்பட்டது.

2024-இல் பிரிட்டன், வடகடலின் ஆங்கிலப் பகுதியிலும் ஸ்காட்லாந்தின் கடற்பகுதி முழுவதிலும் மணல்மூழ்கி பிடிப்பதைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் வழக்குத் தொடுத்தது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. தடைக்கு அறிவியல் ஆதாரம் உண்டு என்று அது ஏற்றது. ஸ்காட்லாந்தின் தடையில் குறை காணவில்லை. ஆங்கிலப் பகுதியைப் பொறுத்தமட்டில், எதிர்த்தரப்பு மீனவருக்கு நேரும் இழப்பைப் பிரிட்டன் தக்கவாறு சீர்தூக்கவில்லை என்று கூறிற்று. டேனிஷ் மீனவனுக்கும் குடும்பம் உண்டு. பறவைக்காக வாதாடுவோர் இதனை மறந்துவிடலாகாது என்பது என் கருத்து.

தடையால் ஆகாத காரியமும் ஒன்றுண்டு. வடகடல் வெப்பமடைந்து வருகிறது. மணல்மூழ்கி உண்ணும் கொழுத்த, நுண்ணிய கணுக்காலிகள் குளிரைத் தேடி வடக்கே விலகுகின்றன. அவற்றைத் தொடர்ந்து மீனும் போகலாமே எனில், அதற்கேற்ற பருமணல் அங்கெல்லாம் விரிந்து கிடப்பதில்லை. 2004-ஐ அடுத்த சில ஆண்டுகளில் பஃபின்கள், குழல்மீன் என்னும் எலும்பு மிகுந்த மீனை அலகில் ஏந்தி வந்தன. குஞ்சுகளால் அதனை விழுங்க முடியவில்லை. வளைகளுக்குள் குழல்மீன்கள் தின்னப்படாமல் காய்ந்து கிடந்தன.