பிரேக் விளக்கு எரிந்தால்

மோட்டார் காரின் சாவியைத் திருப்பியதும் ஓட்டுநரின் முன்னுள்ள பலகையில் சிவப்பும் மஞ்சளுமாகப் பல விளக்குகள் எரிந்து, சில விநாடிகளில் அணைந்துவிடுகின்றன. அது வெறும் அலங்காரம் அன்று. விளக்குகள் ஒழுங்காக வேலை செய்கின்றன என்பதை வண்டி தானே சோதித்துக் காட்டும் முறை அது. ஆகவே, அந்நேரத்தில் எரியவே எரியாத விளக்கும் பழுதின் அடையாளந்தான். ஆனால் நம் கண்ணில் படுவது அணையாமல் நின்றுவிட்ட விளக்கு மட்டுமே. அதையும் பொருட்படுத்தாதவர் உளர். கண்ணை உறுத்துகின்றதென்று விளக்கின்மேல் கறுப்புத் தாளை ஒட்டிவிட்டு ஊர் சுற்றிய அன்பர் ஒருவரை நான் அறிவேன்.

பிரேக்கைச் சார்ந்த விளக்குகள் மூன்று. வட்டத்திற்குள் வியப்புக்குறி இட்ட சிவப்பு விளக்கு ஒன்று, ஏ.பி.எஸ். என்ற எழுத்துகளைத் தாங்கிய மஞ்சள் விளக்கு ஒன்று. கார் ஒன்று வளைந்து வளைந்து சறுக்கிச் செல்வதுபோன்ற படமுடைய மஞ்சள் விளக்கு மற்றொன்று. இவற்றைப் படிக்கும்போது முதலில் நிறத்தைப் பார்க்கவேண்டும். அடுத்து, எந்த விளக்கு எதனுடன் சேர்ந்து எரிகின்றது என்று பார்க்கவேண்டும்.

சிவப்பு எரிந்தால், கைப்பிரேக் முற்றும் விடுபட்டிருக்கின்றதா என்று நோக்குக. விடுபட்டும் விளக்கு அணையவில்லையென்றால் வண்டியைப் பாதையோரம் நிறுத்திவிடுவதே அறிவுடைமை. பிரேக் ஆயில் நிரம்பிய சிறு கிண்ணத்தில் ஒரு மிதவை இருக்கின்றது. ஆயில் குறைந்து மிதவை தாழ்ந்தால் விளக்கு எரியும். குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டே. பிரேக் பேடுகள் தேயத் தேய ஆயில் சக்கரத்தின் பக்கம் இறங்கித் தங்கிவிடுவது ஒன்று. எங்கேனும் கசிவது மற்றொன்று. மிதியை அழுத்திப் பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்லக் கீழே அமிழ்ந்து சென்றால், அவ்வண்டியை ஒரு பர்லாங்கு தூரமும் ஓட்டலாகாது. ஆயிலை ஊற்றி விளக்கை அணைத்துவிட்டேன் என்று மகிழ்வாரும் உண்டு. நோயை விட்டுவிட்டு வெப்பமானியைக் குளிர்நீரில் தோய்க்கும் வைத்தியம் அது! தவிரவும், கைக்குக் கிடைத்த எஞ்சின் எண்ணெயை அக்கிண்ணத்தில் ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர்கள் ஊதிப்போய்ப் பிரேக்கே கெடும்.

மஞ்சள் விளக்குகளின் கதை வேறு. வழுக்குத் தரையில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் ஓட்டுநரின் சொற்படி திரும்பாது. இதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். என்னும் ஏற்பாட்டை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1978இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்கு அளித்தது. சக்கரம் வீணே சுழல்வதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் 1986இலும், வளைவில் வண்டி புரண்டோடாமல் காக்கும் ஏற்பாடு 1995இலும் அதே அடிப்படையின்மேல் எழுந்தன. அந்த அடிப்படை யாது? ஒவ்வொரு சக்கரத்தருகிலும் பொருத்தப்பட்ட சிறு சென்சார்தான். சக்கரத்தோடு சுழலும் பல்வளையத்தையோ காந்தவளையத்தையோ அது நோக்கியிருந்து, சக்கரத்தின் வேகத்தை நொடிக்கு நொடி தெரிவிக்கின்றது. நான்கில் ஒன்று ஊமையானால், மூன்று ஏற்பாடுகளும் தம் பணியை ஒருங்கே நிறுத்திக்கொள்கின்றன.

மூன்று மாணவர்கள் ஒரே வினாவுக்கு ஒரே பிழையான விடையை எழுதியிருந்தால், மூவரும் தனித்தனியே தவறினார்கள் என்று எந்த ஆசிரியரும் எண்ணமாட்டார். விளக்குகளும் அவ்வாறே. பல விளக்குகள் ஒருங்கே எரிவது கண்டு பல பழுதுகள் வந்தனவென்று அஞ்ச வேண்டுவதில்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற நண்பர் ஒருவருக்கு மழைக்காலத்தில் இவ்வாறே ஆயிற்று. ஒரு பட்டறையில், ஏ.பி.எஸ். பெட்டி முழுவதையும் மாற்றவேண்டும் என்று, அவருடைய சில மாத ஓய்வூதியத்தை விழுங்கும் தொகையொன்றைச் சொன்னார்கள். வேறொரு மெக்கானிக் காரை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றினார். அப்பியிருந்த சேற்றைக் கழுவினார். சென்சாருக்குச் செல்லும் கம்பி, ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் உராய்ந்து உராய்ந்து அறுந்து கிடந்தது. புதிய கம்பியோடு காரியம் முடிந்தது. விலையுயர்ந்த பொருளின்மேல் முதலில் ஐயங்கொள்வது ஏனோ சிலருக்குத் தொழில்தர்மமாகிவிட்டது!

நல்ல மெக்கானிக் கம்பி, இணைப்பு, பல்வளையத்தில் ஒட்டிய துரு, சக்கரத்தின் பேரிங் என்று எளியதிலிருந்து அரியதற்குச் செல்வார். அண்மையில் பேரிங் மாற்றியபின் விளக்கு எரியத் தொடங்கியிருந்தால், அதைச் சொல்ல மறக்கலாகாது. காந்தவளையம் பதித்த பேரிங்கைப் புறம் மாற்றிப் பொருத்தினாலும் சென்சாருக்கு ஒன்றும் தெரியாது. பிரேக் மிதியருகிலுள்ள சுவிட்சும், வலுவிழந்த பாட்டரியும்கூட இவ்விளக்குகளை எரியவைக்கும். எஞ்சின் விளக்கும் உடன் எரிந்தால் எஞ்சினையே முதலில் நோக்கவேண்டும். ஏனெனில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் எஞ்சினின் விசையைக் குறைத்தும் வேலை செய்வது.

சறுக்கும் படமுடைய விளக்கு ஓட்டத்தில் கண் சிமிட்டினால் அது பழுதன்று. ஏற்பாடு அப்பொழுது உழைத்துக்கொண்டிருக்கின்றது. நின்றெரிந்தால், அதை நிறுத்தும் பொத்தானை எவரேனும் அழுத்திவிட்டனரா என்று பார்த்துவிட்டுப் பட்டறைக்குச் செல்லலாம். மஞ்சள் மட்டும் எரியும்போது சாதாரணப் பிரேக் வழக்கம்போல் பிடிக்கும். வேகத்தைக் குறைத்து, முன்செல்லும் வண்டிக்கும் நமக்கும் இடைவெளியைக் கூட்டி ஓட்டவேண்டும். சிவப்பும் ஏ.பி.எஸ். விளக்கும் சேர்ந்தெரிந்தாலோ செய்தி கொடியது. முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் பிரேக் விசையைப் பங்கிடும் ஏற்பாடும் நின்றுபோயிருக்கலாம். அந்நிலையில் ஓங்கி மிதித்தால் பின்சக்கரங்கள் முந்திப் பூட்டி வண்டி சுழன்றுவிடக்கூடும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அவ்வண்டியில் புறப்படாதீர்கள்.

பட்டறையில் ஸ்கேனர் கருவி ஒரு குறியெண்ணைக் காட்டும். மலிவான கருவிகள் பல எஞ்சினின் குறியெண்களை மட்டுமே படிக்கும். 'ஒரு பழுதும் இல்லை' என்று அவை சொல்வதை நம்பலாகாது. குறியெண்ணும் எந்தச் சக்கரத்தின் சுற்றில் குறை என்று காட்டுமேயன்றி, எந்தப் பொருளை மாற்றுவது என்று சொல்லாது. வண்டி ஓடும்போது நான்கு சக்கரங்களின் வேகத்தையும் திரையில் காட்டச் சொல்லுங்கள். மூன்று முப்பது என்றும் ஒன்று சுழியம் என்றும் காட்டினால் இடம் தெரிந்துவிட்டது. பழுது நீங்கிய பின்னும் சில வண்டிகளில் விளக்கு உடனே அணைவதில்லை. சற்றுத் தூரம் ஓட்டி, நான்கு சக்கரங்களும் ஒத்துச் சுழல்வதை அது கண்டுகொண்ட பின்னரே அணையும்.