கூரியர் கட்டணத்தை மறைக்காதீர்கள்
(மகளிர் தையல் பயிற்சி நிறைவு விழாவில் செயலாளர் ஆற்றிய உரை)



நீங்கள் தைத்த துணிகளை இணையத்தில் விற்கப் போகிறீர்கள். மாஷா அல்லாஹ். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். சுடிதார் 450 ரூபாய் என்று காட்டி, பணம் கட்டும் நேரத்தில் கூரியருக்கு 80 ரூபாய் சேர்ப்பது சாமர்த்தியமல்ல. வாங்குபவருக்கு விலை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். டெலிவரி கட்டணத்தைப் பிரித்துக் காட்டி மொத்த விலையைச் சொல்ல வேண்டும் என்பது நாட்டின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதி. அளவு பொருந்தாமல் திருப்பி அனுப்பினால் கூரியர் செலவு யாருடையது என்பதையும் முன்பே எழுதிவிடுங்கள்.

வாங்கும்போதும் கவனம் தேவை. டெலிவரி இலவசமாகும் என்பதற்காகத் தேவையில்லாத இன்னொரு துணியை வாங்குவது வீண்விரயம். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

உங்கள் சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.