நோய்க்கு வழிவிடுவோர் யார்?



நம் கெடா மாநிலம் நாட்டின் நெற்களஞ்சியம். 1980களின் தொடக்கத்தில், இங்குள்ள மூடா நீர்ப்பாசனப் பகுதியில் நெற்பயிர் மஞ்சள் பாரித்துக் குன்றியது. அது துங்ரோ என்னும் நச்சுயிரி நோய். அதைப் பரப்பியது பச்சைத் தத்துப்பூச்சி. அப்பூச்சிக்கு வழிவிட்டவன் மனிதனே!

1970இல் அங்கு இருபோகச் சாகுபடி தொடங்கியது. ஒருவர் அறுக்கையில் மற்றவர் நட்டதால், வயல்களில் எந்நாளும் பச்சை நின்றது. நோயுற்ற தாளிலிருந்து இளநாற்றுக்குப் பூச்சி தாவியது. ஆயினும் நச்சுயிரி பூச்சியிடம் சில நாள்களே தங்கும், முட்டைவழித் தொடராது. ஆகவே தாளை மடக்கி உழுது, நிலத்திற்கு ஓய்வளித்து, எல்லாரும் ஒரே காலத்தில் நட்டால் நோய் தணியும்.

நம் லயத்துக் கொல்லையிலும் மனிதக் கை நோயைக் கடத்தும். முடிக்கொத்து நோய் கண்ட வாழையின் கன்றை அண்டை வீட்டாருக்குக் கொடாதீர்கள். சுருட்டுப் பிடித்த கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே மிளகாய்ச் செடியைத் தொடுங்கள். ஒருவர் காட்டும் கவனம் ஊரார் பயிரையும் காக்கும்.