ஏழு ஆவணங்கள், ஒரு மணி நேரம்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மே மாதத்தில் எழுதும் ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) உலக வரலாற்றுத் தேர்வின் பாடம் 1200ஆம் ஆண்டு வாக்கில் தொடங்குகிறது. 800 ஆண்டுகளை மனப்பாடம் செய்ய யாரால் முடியும்? மனப்பாடம் மட்டும் போதவும் போதாது; அந்தத் தேர்வில் ஆவணக் கேள்வி ஒன்று உண்டு. கடிதம், படம், அரசாணை என்று 7 ஆவணங்கள் தருவார்கள். படித்து, கட்டுரையாக எழுதி முடிக்க 60 நிமிடங்கள். வணிகர் ஒருவரின் கடிதம் என்றால், என்ன எழுதினார் என்பதோடு நிற்கக் கூடாது; யாருக்கு, எதற்காக, எந்தச் சூழலில் எழுதினார் என்றும் பார்க்க வேண்டும். இந்தப் பழக்கம் கடைசி மாதத்தில் வராது, முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும். நம் பிள்ளைகளிடமும் ஆண்டுகளை ஒப்பிக்கச் சொல்லாமல், "இதைச் சொன்னவர் யார், ஏன் சொன்னார்?" என்று கேட்டுப் பாருங்கள்.