எதனாலே செத்தான்?

(ஏனாத்தூர்க் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பகலில் வங்கியில் கணக்கு எழுதுகிறேன், ராத்திரியில் கவிதை. இன்னைக்கு ரெண்டும் வேண்டாம். சாவைப் பத்திப் பேசணும்.

புருசனைப் பறிகொடுத்த பெண்கள் பாஸ்புக்கோடு இறப்புச் சான்றிதழையும் என் கவுண்டரில் நீட்டுவாங்க. பெயர், தேதி, இடம் இருக்கும். எதனாலே செத்தான் என்பது இருக்காது. 1969ஆம் வருசத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி சான்றிதழில் காரணத்தைக் காட்டக் கூடாது. அது பதிவேட்டோடு சரி. பதிவேட்டிலாவது ஒழுங்கா இருக்கா? டாக்டர் பார்க்காமல் வீட்டிலேயே செத்தவனுக்கு "காய்ச்சல்" என்று ஒரு வார்த்தை. எந்தக் காய்ச்சல்? டைபாய்டா, டெங்குவா, எலிக்காய்ச்சலா? ஒரே குழாய்த் தண்ணி குடித்து ஒரு தெருவில் மூணு பேர் போனாலும் ஏட்டில் அது மூணு பேரின் தலைவிதி.

கண்டுபிடிக்க முடியாதா? முடியும். 1995-97இல் சென்னையில் நோயால் செத்த 48,000 பெரியவர்களின் கதையை டாக்டர் கஜலட்சுமி குழுவினர் விசாரித்தார்கள். மருத்துவம் படிக்காத பட்டதாரிகள் வீடு வீடாகப் போய், இருமினாரா, ரத்தம் வந்ததா, எத்தனை நாள் என்று கேட்டு எழுதினார்கள். டாக்டர்கள் அதைப் படித்துக் காரணம் குறித்தார்கள். காரணம் விளங்காத சாவுகளின் பங்கு பெருமளவு குறைந்தது. கேட்டால் ஜனங்க சொல்றாங்க. கேட்கத்தான் ஆளில்லை.

2020இல் என்ன நடந்தது? சென்னை மாநகராட்சி ஏட்டில் இருந்த சாவுகள் அரசின் கொரோனாக் கணக்கில் இல்லை. விசயம் வெளியே வந்து, குழு போட்டு, ஜூலை 22ஆம் தேதி ஒரே நாளில் 444 பேரைச் சேர்த்தார்கள். ஏதோ ஒரு ஏட்டில் யாரோ எழுதி வைத்ததால் அவர்கள் அகப்பட்டார்கள். சோதனையே செய்யாமல் குடிசையில் மூச்சுத் திணறிச் செத்தவரை எந்த ஏட்டில் தேடுவது? அடுத்த வருசம் கொரோனாச் சாவுக்கு 50,000 ரூபாய் என்றார்கள். காரணத்தை நிரூபிக்க முடியாத வீட்டுக்கு அதுவும் இல்லை.

ஊர்க்காரன் சாவுக்கெல்லாம் சேதி சொல்ல நம்மைத்தான் ஓட விட்டார்கள், குழி வெட்ட விட்டார்கள். நம்ம தெருச் சாவுக்கு எவன் ஏட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்?

அதனால் தெருவுக்கு ஒரு நோட்டு போடுவோம். பெயர், வயசு, தேதி, எத்தனை நாள் காய்ச்சல், பேதியா இருமலா, எந்தக் குழாய்த் தண்ணி. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை, தள்ளிப் போடாதீங்க. ஆஸ்பத்திரிச் சாவு என்றால் காரணச் சான்றின் நகலைக் கேளுங்க. 2023 திருத்தத்துக்குப் பிறகு நெருங்கிய உறவினருக்கு அதைத் தந்தாகணும். ஒரே தெருவில் ரெண்டாவது பேதிச் சாவு விழுந்த அன்றைக்கே நோட்டோடு சுகாதார அதிகாரி முன்னாடி போய் நிற்போம்.

படித்த பிள்ளைங்க ரெண்டு பேர் இப்பவே பெயர் கொடுங்க. நோட்டு நான் வாங்கித் தர்றேன்.