செவ்வாய்க்கிழமை வராத பிள்ளை

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



பாடசாலையில் ஒரு வாரம் முழுக்க என்னதான் படிப்பிக்கிறீர்கள் என்று பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. மூன்றாம் தரத்தில் ஒரு வாரம் செய்யும் ஒரேயொரு கணக்கைச் சொல்கிறேன். 42இலிருந்து 17ஐக் கழிக்க வேண்டும்.

திங்கட்கிழமை பிள்ளைகள் ஈர்க்குக் குச்சிகளைப் பத்துப் பத்தாக எண்ணிக் கட்டுகிறார்கள். 42 என்றால் நான்கு கட்டு, இரண்டு தனிக் குச்சி. வெளியிலிருந்து பார்த்தால் விளையாட்டுப் போலத்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை அதிலிருந்து 17 குச்சிகளை எடுக்கச் சொல்வோம். தனிக் குச்சி இரண்டுதான் இருக்கிறது, ஏழு எடுக்க முடியாது. பிள்ளை கொஞ்ச நேரம் முழிக்கும். பிறகு ஒரு கட்டை அவிழ்க்கும். இரண்டு குச்சி பன்னிரண்டாகிவிடும். அதில் ஏழை எடுத்தால் ஐந்து. மிச்சமுள்ள மூன்று கட்டில் ஒன்றை எடுத்தால் இரண்டு. விடை 25.

புதன்கிழமை அதையே கொப்பியில் எழுதுகிறார்கள். வியாழக்கிழமை கடைக் கணக்காகச் செய்கிறார்கள். வெள்ளிக்கிழமை யாருக்கு விளங்கியது என்று பார்க்கிறோம்.

செவ்வாய்க்கிழமை வராத பிள்ளை வெள்ளிக்கிழமை 35 என்று எழுதும். இரண்டிலிருந்து ஏழு போகாததால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடும். அந்தப் பிள்ளை மக்கு இல்லை. கட்டை அவிழ்த்தபோது அது வகுப்பில் இல்லை, அவ்வளவுதான். பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதினால் விடை கிடைக்கும், விளக்கம் கிடைக்காது. இப்படி ஒவ்வொரு வாரமும் ஒன்று விடுபட்டால், ஐந்தாம் தரத்துக்கு வரும்போது "எனக்குக் கணக்கு வராது" என்று பிள்ளையே சொல்லத் தொடங்கிவிடும்.

கழித்தல் நமக்குப் புதிதல்ல. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கிலோ கழிக்கிறார்கள். சம்பளச் சீட்டில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், முற்பணம், சங்கச் சந்தா எல்லாம் கழிகின்றன. கழித்தது சரியா என்று தட்டிக் கேட்பதற்கு முதலில் நமக்குக் கழிக்கத் தெரிய வேண்டும்.

பிள்ளை ஏன் வரவில்லை? பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளைதான் நின்றுவிடுகிறாள். அம்மா பெரட்டுக்குப் போக வேண்டும், பிள்ளைக் காம்பரா இன்னும் திறக்கவில்லை, தம்பியைப் பார்க்க வேறு ஆள் இல்லை. இதற்கு அம்மாவை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பெரட்டுக்கு முன்பே பிள்ளைக் காம்பரா திறக்க வேண்டும் என்பதைத் தோட்டக் கமிட்டி துரையிடம் பேசும் கோரிக்கைகளில் ஒன்றாகச் சேருங்கள். சம்பளத்தைப் போல இதுவும் தொழிற்சங்கக் கோரிக்கைதான். 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது நாட்டின் சட்டம்.

ஆசிரியர் வராத செவ்வாய்க்கிழமையும் உண்டு. அதையும் கேளுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வந்து கேளுங்கள். வேலை நாளில் கூட்டம் வைத்தால் பேர் போய்விடும் என்றால், நேரத்தை மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுங்கள்.

வீட்டில் ஒன்று செய்யலாம். அதற்கு எழுத்துத் தெரிந்திருக்கத் தேவையில்லை. பிள்ளை ஒரு நாள் நின்றுவிட்டால், மறுநாள் காலையில் "நேற்று என்ன செய்தீர்கள் என்று டீச்சரிடம் கேள்" என்று சொல்லி அனுப்புங்கள். மாலையில் விளக்குமாற்றுக் குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்து, "எனக்குச் செய்து காட்டு" என்று சொல்லுங்கள். பிள்ளை கட்டை அவிழ்த்துக் காட்டினால் பாடம் விளங்கியிருக்கிறது. காட்டத் தெரியாவிட்டால் என்னிடம் சொல்லி அனுப்புங்கள். குச்சிகளை மறுபடியும் எடுத்து வைத்துச் சொல்லிக் கொடுக்கிறேன்.