உள்ளப் பிணியும் நம் கலையும்

(கழக வெள்ளி விழாவில் கீரிப்பாறையில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் நம் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கித் தந்தது, கட்டணம் கட்டியது, வெளியூர் விடுதிகளில் இடம் தேடிக் கொடுத்தது. அந்த விடுதி அறையில் விளக்கணைந்த பின் நம் பிள்ளை என்ன எண்ணிக்கொண்டு படுத்திருந்தான் என்பதை மட்டும் நாம் கேட்டதில்லை. 2016 சனவரி 17ஆம் நாள் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவும், 2019 மே 22ஆம் நாள் மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தாட்வியும் தம் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி வந்தபோது, நம்மில் பலர் பதறிப்போய்த் தொலைபேசியை எடுத்தோம். "சாப்பிட்டாயா?" என்பதற்கு மேல் கேட்க நமக்குத் தெரியவில்லை.

மனம் நொந்தவனைப் பேய் பிடித்தவன் என்போம். இல்லையேல் பைத்தியம் என்போம். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டுண்டு ஓட இயலாமல் மாண்டோர் 28 பேர். சங்கிலி பூட்டியவர் அனைவரும் கொடியவர் அல்லர். வேறு வழி அறியாதவர்களும் அவர்களுள் இருந்தனர்.

அந்த வேறு வழிகளுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச வந்தேன். கலையால் உள்ளத்தைத் தேற்றலாம் என்பது மேனாட்டார் கண்ட புதுமையென்று எண்ணவேண்டாம். நம் அண்டை மலைகளில் வாழும் காணி மக்களிடையே பிலாத்தி கொக்கரை இசைத்துச் சாற்றுப்பாட்டுப் பாடிப் பிணியுற்றோரைத் தேற்றும் வழக்கம் தொன்றுதொட்டு உண்டு. அதற்குக் கலைவழி மருத்துவம் என்னும் பொருளில் ஆங்கிலப் பெயரிட்டவர் ஏட்ரியன் ஹில் என்னும் ஓவியர். காசநோயால் மருத்துவமனையில் கிடந்தபோது வரைந்து வரைந்து தம் மனத்தைத் தேற்றிக்கொண்ட அவர், 1942இல் அப்பெயரை வழங்கினார். சொல்ல வாய் வராததைக் கை சொல்லும் என்பதே அதன் அடிப்படை.

ஆனால் எந்தக் கலை, யார் கையில், யார் கொடுப்பது? இங்கேதான் எனக்கு ஒரு தடை. நான் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் தெருவில் ஓர் இறுதி ஊர்வலம் சென்றது. பறையொலி கேட்டதும் அறையிலிருந்த மூவரும் ஒன்றும் பேசாமல் என்னைத் திரும்பிப் பார்த்தனர். என் தந்தையார் பறை அடித்தவர். அதன்பின் நெடுங்காலம் அவ்வொலி காதில் விழுந்தாலே என் வயிற்றில் ஒரு பிடிப்பு உண்டாகும். பல ஆண்டுகள் கழித்து ஒரு முகாமில், மனநல ஆலோசகர் ஒருவர் மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் தாளும் வண்ணமும் கொடுத்துவிட்டு, என் மாணவன் ஒருவன் கையில் மட்டும் பறையைக் கொடுத்தார். "இது உங்கள் கலையல்லவா? அடி, மனம் இலேசாகும்" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அவன் பறையைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போனான். திரும்பி வரவில்லை.

அதே பறையைத் திண்டுக்கல்லில் பாருங்கள். அருட்சகோதரி சந்திரா 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழுவில், சிற்றூர்களிலிருந்து வரும் நம் இளம்பெண்கள் பறை பயில்கின்றனர். பெண் தொடாத கருவி என்று ஒதுக்கப்பட்டிருந்ததை அவர்களே விரும்பி எடுத்துக்கொண்டனர். கூடி அடிக்கும்போது ஒருத்தி மற்றொருத்தியின் அடியைக் கேட்டே ஆகவேண்டும். மூச்சும் கால்நடையும் ஒழுங்குபடும். தலையைக் குனிந்துகொண்டு பறையாட்டம் ஆட இயலாது. சாவுக்கு அடி என்று ஏவியபோது புண்ணாக இருந்தது அங்கே மருந்தாயிற்று. தோலும் கட்டையும் மாறவில்லை. எடுப்பதும் மறுப்பதும் அவள் விருப்பமாயின. 2025இல் பறை ஆசான் வேலு அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது; மகிழ்ச்சியே. ஆயினும் அவ்விருதால் என் மாணவனின் மனக்காயம் ஆறிவிட்டதென்று யாரும் கணக்கெழுதவேண்டாம்.

'கவுன்சலிங்' என்பதை இன்று ஆற்றுப்படுத்தல் என்கிறோம். ஆற்றுப்படை நூல்களில் வழிகாட்டுபவன் யார்? பசியோடு நடந்து சென்று பரிசில் பெற்று மீண்ட இன்னொரு கலைஞன். வழியின் மேடுபள்ளம் அவன் காலுக்குத் தெரியும். நம் பிள்ளைகளை ஆற்றுப்படுத்துவோர் நம்மவராகவே இருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சாதி என்ற சொல் வந்தவுடன் "அதையெல்லாம் மறந்துவிடு" என்று முடித்துவிடுபவர் அவ்வழியை அறியாதவர். இங்குள்ள பால்வெட்டுத் தொழிலாளர் அறிவர்: கத்தி பட்டையைத் தாண்டிப் போனால் மரம் புண்படும், பிறகு அவ்விடத்தில் முடிச்சு விழும். கேள்வி கேட்பதற்கும் அந்தக் கைப்பக்குவம் வேண்டும்.

கலை ஒன்றே போதும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். உறக்கமின்றிக் குரல்கள் கேட்கிறவனுக்கு மருத்துவரும் மருந்தும் வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சாதி வேறுபாடு காட்டாமல் அரசு நடத்தும் மனநலச் சிகிச்சையைப் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் வழங்குகிறது. 2022 அக்டோபர் முதல் 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றிப் பேசவும் வசதியுண்டு. விடியுமுன் தலைவிளக்குடன் தோட்டத்திற்குப் போகும் தாய்மார்களும் அவ்வெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மழை பிடித்து, வெட்டும் கூலியும் நின்றுபோகும் நாள்களின் கவலை உங்களுக்கும் உண்டு.

வரும் சனிக்கிழமை முதல் கழகக் கட்டடத்தின் பின்னறை மாலை ஐந்து மணிக்குத் திறந்திருக்கும். தாள், வண்ணம், களிமண் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறோம். வரைந்ததை யாருக்கும் காட்டவேண்டியதில்லை. சும்மா உட்கார்ந்திருந்துவிட்டும் போகலாம். என் தந்தையாரின் பறைக்குப் புதுத்தோல் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அதை எடுத்தே ஆகவேண்டும் என்று யாரிடமும் சொல்லமாட்டேன்.